நீங்களே ஒரு மணி நேரம் பேசாமல் வகுப்பு எடுப்பது எப்படி?

கல்லூரியில் புதிதாகப் பாடம் நடத்த வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். விரிவுரையை அடியோடு விட வேண்டாம். வகுப்புக்கு ஒரு கேள்வி, அதை மாணவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கப் பத்து நிமிடம், அது போதும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர், நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்களே நியூட்டன் விதிகளின் அடிப்படையில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, 1991 முதல் வகுப்பில் கொண்டுவந்த முறை இது.

முதல் வேலை கேள்வியைத் தேர்ந்தெடுப்பது, பாதி உழைப்பு இதற்குத்தான் போகும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும் கேள்வி இங்கே உதவாது. லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன, எது எதன் மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்று கேளுங்கள். மூன்றாம் விதியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களில் பலரே லாரிதான் என்பார்கள். விசை இரண்டுக்கும் சமம், நிறை குறைவு என்பதால் கார்தான் அதிக முடுக்கம் அடைகிறது. கேள்வியோடு ஏ, பி, சி, டி என்று தெரிவுக்குக் கொடுக்கும் தவறான விடைகளும் மாணவர்கள் உண்மையிலேயே நம்புபவையாக இருக்க வேண்டும், பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் நிறையக் கிடைக்கும்.

அடுத்து, கேள்வியைப் பலகையில் எழுதி ஓரிரு நிமிடம் தனியாக யோசிக்க விடுங்கள். யாரும் பேசக்கூடாது, விடையை நோட்டில் எழுதியே ஆக வேண்டும். அப்புறம் நீங்கள் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏ, பி, சி, டி அட்டைகளில் ஒன்றை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் காட்டட்டும். செயலி எதுவும் தேவையில்லை, அட்டை போதும்.

சரியான விடை 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் பேச விட்டுப் பயனில்லை, நீங்களே மறுபடி விளக்குங்கள். 70க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். இடைப்பட்டதுதான் நல்ல வாய்ப்பு: விடையைச் சொல்லாமல், "வேறு விடை எழுதியவரிடம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்" என்று இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காது கொடுங்கள், திருத்தப் போகாதீர்கள். இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்குத் தான் எங்கே முட்டிக்கொண்டு நின்றோம் என்பது நினைவிருக்கும், பல வருடம் பாடம் நடத்திய நமக்கு அது மறந்துபோயிருக்கும்.

மறுபடி அட்டை. அதன் பிறகு விடையைச் சொல்லுங்கள், மற்ற விடைகள் ஏன் தவறு என்பதையும் சேர்த்து.

இதற்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள், போட்டால் எல்லோரும் முதல் மாணவரின் அட்டையைப் பார்த்தே தூக்குவார்கள்.

போர்ஷன் முடியாதே என்ற கவலை நியாயமானது. புத்தகத்தில் தெளிவாக இருக்கும் பக்கங்களை முன்கூட்டியே படித்து வரச் சொல்லுங்கள், அதையே வகுப்பில் திரும்பச் சொல்லும் நேரம் மிச்சமாகும். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம், மாணவர்களை இப்படி ஈடுபடுத்திய வகுப்புகளில் சுமார் 22.

"சார் நடத்தவே மாட்டேங்கிறார்" என்ற முணுமுணுப்பு வரும். 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்திருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். அதனால் முதல் நாளே இந்த முடிவை அவர்களிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.