ஒரே மூளை, இரண்டு ஸ்கேன்: பாதிவழியில் பொருத்துங்கள்

ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு டி1 எம்ஆர்ஐ படங்கள் (மூளையின் அமைப்பைக் காட்டும் ஒரு ஸ்கேன் வகை) இருக்கின்றன. மூளை சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நலமான முதியவருக்கே ஆண்டுக்குச் சுமார் 0.5% சுருங்கலாம். இவ்வளவு சிறிய மாற்றத்தைத் தேடுகையில், படங்களைப் பொருத்துவதில் விழும் பிசகே மாற்றம்போலத் தெரிந்துவிடும்.

படி 1: நிஃப்டி என்ற மூளைப்படக் கோப்பு வடிவத்துக்கு மாற்றி, என்4 என்ற நிரல் கொண்டு வெளிச்ச ஏற்றத்தாழ்வைச் சரிசெய்து, படத்திலிருந்து மண்டையோட்டை நீக்குங்கள். இரண்டு படத்துக்கும் ஒரே அமைப்புதான்.

படி 2: எஃப்எஸ்எல் என்ற மூளைப்பட மென்பொருள் தொகுப்பில் படங்களைப் பொருத்தும் நிரலான ஃப்ளர்ட்டில் முதல் படத்தை இரண்டாவதோடு பொருத்துங்கள். நகர்வு மூன்று, சுழற்சி மூன்று, மொத்தம் 6 அளவுருக்கள் போதும்.

படி 3: ஒரு வாரம் நான் சிக்கிக்கிடந்த இடம் இது. இரண்டாவதை அப்படியே வைத்து, முதலாவதை மட்டும் திருப்பிக் கழித்தேன். மூளையின் விளிம்பு முழுக்க மெல்லிய வளையம்! சுருக்கம் என்றே நம்பிவிட்டேன். உண்மையில், திருப்பும்போது வோக்சல் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) மதிப்புகளை அண்டைப் புள்ளிகளிலிருந்து இடைக்கணிப்பு செய்வதால் படம் லேசாக மங்கும். மங்கிய படத்திலிருந்து கூர்மையான படத்தைக் கழித்தால் எல்லா விளிம்பிலும் வேறுபாடு தெரியத்தான் செய்யும்.

அதனால் இரண்டையும் பாதிப்பாதி நகர்த்த வேண்டும். ஃப்ளர்ட் தந்த அணியை (நகர்வும் சுழற்சியும் அடங்கிய எண் அட்டவணை) அதே தொகுப்பின் ஏவிஸ்கேல் நிரலிடம் கொடுங்கள். முன்னோக்கிய பாதி மாற்றம் முதல் படத்துக்கு, பின்னோக்கிய பாதி இரண்டாவதுக்கு. மங்கல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகிவிடும். மூன்று, நான்கு ஸ்கேன்கள் இருந்தால் நான் ஃப்ரீசர்ஃபர் என்ற மூளைப்பட மென்பொருளைத்தான் எடுப்பேன். எல்லாவற்றுக்கும் பொதுவான நடு வார்ப்புருவை (எல்லாப் படங்களையும் பொருத்தும் சராசரிப் படம்) அதுவே உருவாக்கும். மாறிய பகுதிகள் பொருத்தத்தை இழுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளும்.

படி 4: இரு படங்களின் வெளிச்ச அளவையும் சமன்செய்து கழியுங்கள். பிறகு வரிசையை மாற்றி முதலிலிருந்து ஓட்டுங்கள். வேறுபாட்டின் கூட்டல்-கழித்தல் குறி மட்டும் தலைகீழாக வேண்டும், அளவு மாறக் கூடாது. மாறினால் படி 3-க்குத் திரும்புங்கள். ஒரே நாளில் இருமுறை எடுத்த ஸ்கேன் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் தெரியும் 'மாற்றம்' முழுக்க உங்கள் முறையின் இரைச்சல்.

பின்சேர்க்கை: "சுருக்கமே தெரியவில்லை" என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருமே ஃப்ளர்ட்டின் இயல்பு அமைப்பான 12 அளவுருக்களை மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதில் அளவு மாற்றமும் அடக்கம். மண்டையோடு இல்லாத படத்தில், பழைய மூளையையும் சுருங்கிய மூளையையும் அது ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். தேடிய மாற்றம் அங்கேயே காணாமல் போகும். ஸ்கேனரின் அளவுப் பிசகையும் திருத்த வேண்டுமென்றால் எஃப்எஸ்எல் தொகுப்பிலேயே உள்ள, மூளைச் சுருக்கத்தை அளக்கும் நிரலான சியெனாவைப் பயன்படுத்துங்கள். பெரியவர்களுக்கு மண்டையோடு மாறாது என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது.