பந்தியின் மையக்கருத்தைப் பிள்ளை தானே பிடிக்க

தரம் 3, 4 படிக்கிற பிள்ளையிடம் ஒரு பந்தியைக் கொடுத்து "இதின்ர மையக்கருத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக முதல் வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்லும், அல்லது தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சொல்லும். அந்தக் கேள்வி சின்னப் பிள்ளைக்குப் பெரிது. இரண்டாக உடைத்துக் கேளுங்கள்: பந்தி எதைப் பற்றியது? அதைப் பற்றி என்ன சொல்கிறது?

முதலாவதுக்கு ஒரு சொல் போதும். இரண்டாவதுக்கு முழு வசனம் வேண்டும், பிள்ளைகள் சிக்குவது அங்கேதான்.

பிள்ளைக்குத் தெரிந்த விசயமாக நீங்களே கொப்பியில் ஒரு பந்தி எழுதுங்கள். நான் பனையைத்தான் எடுப்பேன்:

"பனை ஓலையால் வேலி அடைக்கலாம், பெட்டியும் பாயும் இழைக்கலாம். பழத்தைப் பிழிந்து பனாட்டுப் போடலாம். கிழங்கை அவித்துச் சாப்பிடலாம், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். முற்றிய மரம் கூரைக்கு வளையாகும்."

எதைப் பற்றி? பனை. என்ன சொல்கிறது? "பனாட்டு!" என்று பிள்ளை சொன்னால் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். "சரி, அப்ப ஓலையைப் பற்றி ஏன் எழுதியிருக்கு? கிழங்கைப் பற்றி ஏன்?" என்று கேளுங்கள். ஓலை, பழம், கிழங்கு, மரம் என்று விரல் மடித்து எண்ணட்டும், இது எல்லாத்துக்கும் பொதுவாக என்ன இருக்கு என்று கொஞ்சம் யோசிக்க விடுங்கள், இடையில் புகுந்து விடையைச் சொல்லிக் கெடுக்க வேண்டாம். "பனையில எல்லாமே உதவும்" என்று வரும். அந்த வசனம் பந்தியில் எங்கேயுமே இல்லை, பிள்ளையே கட்டியது. அதைத்தான் பாராட்ட வேண்டும்.

அப்புறம் அதே பந்திக்குள் ஒரு வசனத்தைச் செருகுங்கள்: "எங்கள் வீட்டு நாய் பனைக்குக் கீழே படுத்திருக்கும்." எந்த வசனம் இங்கே சேராது? "இதிலயும் பனை இருக்குத்தானே" என்று விட்டுவிடுகிற பிள்ளைக்குத் தலைப்பு மட்டும்தான் பிடிபட்டிருக்கிறது. "நாய் படுக்கிறதால பனை எல்லாத்துக்கும் உதவும் எண்டு தெரியுதோ?" என்று கேட்டால் தானே வெட்டிவிடும். எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ள பயிற்சி இதுதான், வேறெதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள்.

இன்னும் வாசிக்கத் தொடங்காத பிள்ளைக்கு வாயால் செய்யலாம். நல்லூர்த் தேர் பார்த்து வந்த பிறகு அம்மம்மாவுக்கு போனில் ஒரே ஒரு வசனத்தில் சொல்லச் சொல்லுங்கள். ஐஸ்கிறீம், கச்சான், தொலைந்த செருப்பு என்று எல்லாம் வரும், வரட்டும். "இதெல்லாத்தையும் சேர்த்து ஒரு வசனத்தில சொல்லுங்கோ பாப்பம்."

கதைக்குக் கேள்வி வேறு: யாருக்கு என்ன வேணும், என்ன தடை வந்தது, கடைசியில் என்ன நடந்தது? காகமும் நரியும் வடையும் போதும் பழக.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து தரம் 3 பிள்ளைக்கே கடந்தகால வினாத்தாளை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தந்திருக்கிற விடைகளில் ஒன்றுக்குக் கீறுகிற பிள்ளை ஊகிக்கத்தான் முதலில் பழகும். முதலில் தன் வாயால் ஒரு வசனம் சொல்லட்டும், பிறகு "எந்த வசனத்தைப் பார்த்து அப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்று கேளுங்கள், விரல் வைத்துக் காட்டட்டும். இரண்டு மூன்று வசனங்களையாவது காட்ட முடிந்தால் அடுத்த பந்திக்குப் போகலாம்.