வன்னிச் சிறுபட்டினம் ஒன்றின் நிலத்தையும் குடித்தொகையையும் எழுதும் முறை

இலங்கையின் வடபகுதியான வன்னியில் மாங்குளம், மல்லாவி, நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு போன்ற ஓர் ஊரைப் பற்றிப் பாடசாலை மலருக்கோ சனசமூக நிலைய வெளியீட்டுக்கோ எழுத முற்படுபவர் பெரும்பாலும் "இவ்வூரின் சனத்தொகை எவ்வளவு?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார். அக்கேள்விக்கு நேரான விடை எந்த அட்டவணையிலும் இல்லை என்பதை முதலிலேயே அறிந்துகொண்டால் பல நாள் அலைச்சல் மிச்சமாகும். இலங்கையின் தொகைமதிப்பு, அதாவது சனத்தொகைக் கணக்கெடுப்பு, மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வாழ்வோரை மட்டுமே நகரத்தவராகக் கொள்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தோடு பழைய பட்டின சபைகள் மறைந்துபோனதால் சிறுபட்டினங்கள் யாவும் கிராமியப் பகுதிகளுக்குள் கரைந்துவிட்டன. 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரு மாவட்டங்களிலும் நகரக் குடித்தொகை என்று ஒருவர்கூட இல்லை. கிளிநொச்சிச் சந்தியில் மாலை நேரத்தில் வீதியைக் கடக்கக் காத்து நின்றவருக்கு இது வேடிக்கையாகவே தோன்றும்.

எனவே, எல்லையை நீங்களே வகுத்துக்கொள்வதுதான் முதல் வேலை. ஊரின் சந்தை, வைத்தியசாலை, பெரிய பாடசாலை, பேருந்துத் தரிப்பிடம் ஆகியவற்றை நாளாந்தம் நம்பியிருக்கும் கிராம அலுவலர் பிரிவுகள் (மிகச் சிறிய நிர்வாக அலகுகள்) எவை என்று விசாரித்து, அவற்றின் பெயர்களையும் இலக்கங்களையும் பிரதேச செயலகத்தில் சரிபார்த்து, "இக்கட்டுரையில் இவ்வூர் எனப்படுவது இன்னின்ன பிரிவுகள்" என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். எந்த ஊர் எந்தச் செயலகத்துக்கு உரியது என்பதில் ஊகம் கூடாது. ஏ9 வீதியும் முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியும் சந்திக்கும், புகையிரத நிலையமும் உள்ள மாங்குளம், தனக்குக் கிழக்கே காட்டுக்குள் அமைந்த ஒட்டுசுட்டானின் செயலகத்துக்கு உட்பட்டது. நெடுங்கேணியோ வவுனியா மாவட்டத்தைச் சேர்ந்தது.

நில அமைப்பை எழுதும்போது வீதியிலிருந்து தொடங்காமல் நீரிலிருந்து தொடங்குவதே வன்னிக்குப் பொருந்தும். இங்கே மலை இல்லை, தரை தட்டையானது என்று ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள், மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்பிச் சுண்டிக்குளம் கடனீரேரியை அடைகிறது. பாலியாறு வவுனிக்குளத்தின் வழியே மேற்குக் கடலுக்குச் செல்ல, பேராறு முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பிக் கிழக்கே போகிறது. உங்கள் ஊர் இவற்றுள் எதன் நீரேந்து பரப்பில் உள்ளது என்பது தெரிந்தால், அதன் வயல் எங்கே, மேட்டுக்காணி எங்கே, பழைய குடிமனை ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்பன ஒவ்வொன்றாக விளங்கும்.

அதன்பின் நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 அளவுத்திட்டப் படத்தை எடுத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறி நடக்க வேண்டும். துருசு (மதகு) எங்கே உள்ளது, வான் (மிகைநீர் வழிந்தோடும் இடம்) எப்பக்கம் பாய்கிறது, அலைகரையில் (கட்டுக்கு எதிரே நீர் ஏறி இறங்கும் கரையில்) நீர் எதுவரை ஏறும் என்பவற்றைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் கட்டின்மேல் நின்று படத்தை விரித்தபோது, மாடு சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் அதை எட்டிப் பார்த்து, "தம்பி, இதிலை எங்கடை மோட்டையைக் காணேல்லையே" என்றார். அவர் கைத்தடியால் சுட்டிய திசையில், படத்தில் வெறும் பச்சையாக இருந்த காட்டுக்குள், மூன்று வீரை மரங்களின் நடுவே ஒரு சிறு நீர்நிலை இருந்தது. குளம், மடு, மோட்டை, கேணி என்று முடியும் காணிப் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தால், படம் தவறவிட்டவற்றைப் பெரும்பாலும் நிரப்பிக்கொள்ளலாம்.

அலகுகளில் விழிப்பாக இருங்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய படங்களில் உயரம் அடியில் உள்ளது. புதியவற்றில் மீற்றரில் உள்ளது. இதைக் கவனியாது ஓர் ஊரை அதன் உண்மை உயரத்தைவிட மூன்று மடங்கு உயர்த்தி எழுதிய பெருமை எனக்கு உண்டு. குளத்தின் கொள்ளளவு ஏக்கர் அடியில் சொல்லப்படும். ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளங்களின் விபரம் கமநல சேவை நிலையத்தில் கிடைக்கும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தை அணுக வேண்டும். மண், காலநிலை பற்றி நீட்டத் தேவையில்லை: ஐப்பசி முதல் தை வரையான வடகீழ்ப் பருவமழையும், அதை நம்பிய காலபோக நெற்செய்கையும், குளத்தில் எஞ்சிய நீரைப் பொறுத்த சிறுபோக நெற்செய்கையும் போதும்.

குடித்தொகையில்தான் கூடிய பொறுமை வேண்டும். முல்லைத்தீவு மாவட்டம் 1978இலும் கிளிநொச்சி மாவட்டம் 1984இலும் உருவாக்கப்பட்டவை. ஆகவே 1971ஆம் ஆண்டு அட்டவணையில் முல்லைத்தீவு மாவட்டத்தைத் தேடுவது வீண். இன்று கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள பரந்தனின் 1981ஆம் ஆண்டுக் கணக்கு யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருக்கும். 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு இவ்விரு மாவட்டங்களிலும் எடுக்கப்படவில்லை. எனவே 1981க்கும் 2012க்கும் இடையில் முப்பத்தொரு ஆண்டு வெற்றிடம் உள்ளது. வரைபில் இவ்விரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடாதீர்கள். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியவர்களும், போரின் இறுதியில் 2009இல் ஊர்கள் முற்றாக வெறுமையானதும் அந்தக் கோட்டில் தெரியமாட்டா. அவ்விடத்தை வெறுமையாக விட்டு, நிகழ்ந்ததைச் சொற்களில் எழுதுங்கள்.

2012ஆம் ஆண்டு எண்ணையும் அப்படியே ஏற்க முடியாது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கணக்கெடுப்பு முடிந்தபோது போரில் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இன்னும் மக்கள் இருந்தனர். அது மூடப்பட்டது செப்டெம்பரில்தான். கரையோரப் பிரிவு ஒன்றில் மிகக் குறைந்த தொகை காணப்பட்டால், ஊர் சிறிது என்று முடிவு கட்டாமல் எப்போது மீள்குடியேற்றம் நடந்தது என்று விசாரியுங்கள்.

அண்மைய தொகைக்குக் கிராம அலுவலரிடம் செல்லலாம். பல ஊர்களில் அவரை இன்றும் விதானையார் என்றே அழைப்பார்கள். அவருடைய பதிவேட்டில் குடும்பங்கள், நபர்கள் என இரு நிரல்கள் இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவில் இருந்தும் வவுனியாவிலோ வெளிநாட்டிலோ வாழ்பவர்கள் எத்தனை வீட்டார் என்பதையும் பணிவாகக் கேளுங்கள். வாக்காளர் இடாப்பைச் சனத்தொகையாகக் கொள்ளக் கூடாது. அதில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

அடர்த்தியைக் கணக்கிடும்போது காட்டைக் கழித்தும் ஒருமுறை கணக்கிட்டுக் காட்டுங்கள். 2012இல் 2,617 சதுரக் கிலோமீற்றர் கொண்ட முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர் இருந்தனர். அதாவது சதுரக் கிலோமீற்றருக்கு 35 பேர். ஆனால் பாலையும் முதிரையும் நிற்கும் காட்டில் எவரும் குடியிருப்பதில்லை. வீடுகள் வீதியோரத்திலும் வயற்கரையிலும் நெருங்கியே உள்ளன.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டையும், குளத்தைப் பற்றிய ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் மாதத்தையும் இடுங்கள். மார்கழியில் அலைகரை மரங்களின் அடியைத் தொட்டு நின்ற நீர், ஆவணியில் துருசடியில் ஒரு சேற்றுப் பள்ளமாகச் சுருங்கி, அதற்குள் மாடுகள் படுத்திருக்கும்.