மலைப்பாம்பு முட்டையை அடைவைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழி முட்டையை அடைவைத்துப் பழகிய கைதான் மலைப்பாம்பு முட்டைக்கு முதல் எதிரி. கோழி முட்டையை அன்றாடம் திருப்பிவிட வேண்டும்; பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது. இட்ட ஓரிரு நாளுக்குள் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டை புரண்டால் மஞ்சள்கரு மேலே அமுக்கிக் கரு செத்துவிடலாம். எடுப்பதற்கு முன்பே ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் குறி போட்டுவிடுங்கள்.

இங்கே சொல்லும் அளவுகள் பால் பைதான் (ball python) என்ற சிறு மலைப்பாம்பு வகைக்கானவை. முட்டைக்கு முந்தைய சட்டை உரித்து ஏறக்குறைய 30 நாளில் அது முட்டையிடும். முட்டையை அடைகாக்கும் வெப்பப் பெட்டியான இன்குபேட்டரைத் தயார் செய்ய அந்த ஒரு மாதம் தாராளம். முட்டையைப் பார்த்த பிறகு பெட்டியைத் தேடி ஓடுவது வீண் பதற்றம். குறைந்தது ஒரு வாரமாவது வெறும் பெட்டியை ஓடவிட்டு, வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டிருக்கும், கடிக்கவும் செய்யும். தலைமேல் துணியைப் போர்த்தி, சுருளை மெல்லப் பிரித்துத் தூக்குங்கள். சுருளுக்குள் சிக்கிய முட்டை உருண்டு விழாமல் மறுகையால் தாங்கிக்கொள்ளுங்கள். இட்ட சில மணி நேரத்தில் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிரிக்க இழுத்தால் ஓடு கிழியும். கொத்தாகவே வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அதிகம் பேர் சறுக்குவது வெப்பத்தில்தான். 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரியை இன்குபேட்டரின் சுவரில் ஒட்டிவிட்டுத் திரையில் தெரியும் எண்ணை நம்புவார்கள். முட்டை இருக்கும் டப்பாவுக்குள்ளோ வேறு கணக்கு ஓடும். டப்பாவுக்குள், முட்டை மட்டத்தில், தனியாக ஒரு வெப்பமானி கட்டாயம். வெப்பம் 34-ஐத் தாண்டி நின்றால் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் பிறக்கலாம், கருவே சாகவும் கூடும். சற்றுக் குறைந்தால் நாள் நீளுமே தவிர அவ்வளவு கேடில்லை. சந்தேகம் என்றால் குறைவின் பக்கம் நில்லுங்கள்.

டப்பாவில் முட்டைக்கு அடியில் பரப்ப, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டையும் நீரையும் எடைக்கு எடை சமமாகக் கலந்து, ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். நீர் சொட்டினால் ஈரம் அதிகம். மூடியில் திரளும் நீர் முட்டைமேல் சொட்டுவது இன்னும் மோசம், நனைந்த ஓட்டின் வழியே கருவுக்குக் காற்று போகாது. டப்பாவைச் சற்றுச் சாய்த்து வைத்தால் நீர் ஓரமாக வழியும். முதல் வாரங்களிலேயே முட்டை குழி விழுந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். கடைசி இரண்டு வாரத்தில் குழி விழுவது இயல்பு, அப்போது நீரூற்றிக் கெடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும்.

பூஞ்சை கண்டதும் முட்டையைத் தூக்கி எறியாதீர்கள். இருட்டில் சிறு டார்ச்சை ஓட்டில் அழுத்திப் பாருங்கள்: சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளாக மட்டும் ஒளிர்ந்தால் கூமுட்டையாக இருக்கலாம், ஆனாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

55 முதல் 60 நாளில் குட்டி ஓட்டைக் கீறித் தலை நீட்டும். பிறகு ஒன்றிரண்டு நாள் உள்ளேயே கிடந்து எஞ்சிய மஞ்சள்கருவை உறிஞ்சும். இழுத்து வெளியே எடுத்தால் தொப்புளில் மஞ்சள்கரு தொங்கும், ரத்தமும் கசியும். காத்திருங்கள்.

தாயை மறந்துவிட வேண்டாம். முட்டை வாசனை உடம்பில் இருக்கும்வரை அது காலி இடத்தையே காத்துக்கொண்டு இரை எடுக்காமல் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, கூண்டின் விரிப்பையும் மாற்றினால் சீக்கிரம் இரைக்குத் திரும்பும்.