ரவுட்டரில் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்து வையுங்கள்

வைஃபை ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து, ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ (வெளியே இணையத்திலிருந்தே அட்மின் பக்கத்தைத் திறக்கவிடும் வசதி) ஆனில் இருந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, செலவே இல்லை.

ரவுட்டருக்குள் ஓடுவது பெரும்பாலும் ஒரு சின்ன லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் பிங் சோதனைப் பக்கத்தில் அடிக்கும் ஐபி முகவரியைச் சரிபார்க்காமல் அப்படியே ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அனுப்பும் மாடல்களில், முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு வேறொரு கட்டளையை ஒட்டிவிடலாம். அது பெரும்பாலும் ரூட் அதிகாரத்தோடே, அதாவது எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரத்தோடே ஓடும். இதுதான் கமாண்ட் இன்ஜெக்‌ஷன். அட்மின் பக்கம் இணையத்திலிருந்து எட்டவே எட்டாது என்றால், தானாகவே ஓட்டை தேடி அலையும் பாட் புரோகிராம்களில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும். பாஸ்வேர்டு பலமாக இருக்கிறதே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 2023-இல் டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டர்களில் மிராய் பாட்நெட் (கைப்பற்றிய கருவிகளைச் சேர்த்துத் தாக்கும் கூட்டம்) நுழைந்த ஓட்டைக்கு லாகினே தேவைப்படவில்லை. நாட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் கட்டளையைச் செருகினார்கள், அவ்வளவுதான்.

ஏற்கெனவே உங்கள் வைஃபைக்குள் இருப்பவரையோ, வைரஸ் ஏறிய கம்ப்யூட்டரையோ இது தடுக்காது. ஓட்டையும் அப்படியே இருக்கும். அதை அடைப்பது ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்தான். அப்டேட் வருவது நின்றுபோன பழைய மாடல் என்றால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரைப் பார்த்தே ஆக வேண்டியவர்கள் விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக உள்ளே வருவது நல்லது.