காய்கறிக் கடைக்குப் போகும் முன்: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வங்கிக் கணக்கு, சிம் கார்டு, மருத்துவரிடம் பதிவு எல்லாம் எப்படியும் முடிந்துவிடும். கூட இருப்பவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். சாப்பாட்டு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பணமும் உடம்பும் சேர்ந்து கரைவது அங்கேதான்.

என் அறைத்தோழன் முதல் சம்பளத்திலிருந்தே விமானத்தில் வரும் நம்மூர்க் காய்களைத்தான் வாங்கினான். கீரைக் கட்டைப் பிரித்தால் மேலே பச்சை. உள்ளே இலைகள் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். பாதி குப்பைக்குப் போகும். மாதம் பாதி ஆவதற்குள் காய்க்கென்று ஒதுக்கிய காசு தீர்ந்து, அப்புறம் கிழங்கும் முட்டையும்தான். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்து, இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வாடின கீரைக் கட்டின் மேல் தண்ணீர் தெளித்துப் புதுசு என்று தலையில் கட்டிய அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பறித்த நேரத்திலிருந்தே கீரையில் வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் குறையத் தொடங்கும். அதனால் இருக்கிற இடத்தில், அந்தந்தப் பருவத்தில் விளைவதைத் தேடுங்கள், மலிவும் அதுதான். கடையில் இருப்பது பெயர் தெரியாத தடித்த இலை என்று ஒதுங்க வேண்டாம். கரும்பச்சையாக இருந்தால் காம்பைக் கழித்து, பொடியாக நறுக்கி, எண்ணெயில் வதக்குங்கள். எண்ணெய் சேர்ந்தால்தான் அதிலுள்ள பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் சத்து) உடம்பில் நன்றாக ஒட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைத் தடுக்கும்.

ஐஸில் வைத்த காய் என்றால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலும் பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் முக்கி எடுத்து உறைய வைப்பது அது. முக்கும்போது கொஞ்சம் வைட்டமின் சி போகும், பிறகு அதிகம் குறையாது. பல நாள் பயணம் செய்து வாடிய காயைவிட அது எவ்வளவோ மேல். உப்பும் சாஸும் சேராத பாக்கெட்டாக எடுத்து, உருகவிடாமல் நேரே வாணலியில் போடுங்கள்.

பல நாடுகளில் விலைச்சீட்டின் ஓரத்தில் கிலோவுக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். நறுக்கிக் கழுவிய பாக்கெட்டுக்கு நறுக்குகூலியும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். வாரச்சந்தை இருந்தால் கடை கட்டும் நேரத்தில் போங்கள், பேரம் படியும்.

இன்னொன்று, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ள அது விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர, சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.