எடைக்குப் போட்ட குறிப்பேடுகள்: வணிகச் செய்தியாளர் புத்தகம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு மஞ்சள் ஏலத்துக்கு வந்திருந்த இளம் செய்தியாளர் ஒருவர் தன் குறிப்பேட்டைக் காட்டினார். மஞ்சள் வணிகத்தைப் பற்றிப் புத்தகம் எழுத ஆசைப்படுகிறார். ஒரு பக்கத்தின் நடுவில் ‘13,400’ என்று ஒரு விலை மட்டும் இருந்தது. விரலி மஞ்சளா, கிழங்கு மஞ்சளா? பெருந்துறை விற்பனைக் கூடமா, கோபி கூட்டுறவு சொசைட்டியா? எந்தத் தேதி? “செய்தியை அப்போதே அனுப்பிவிட்டேனே அண்ணா” என்றார். அவர் வயதில் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

எழுத்துப்பிழை, தாமதம் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

குறிப்பேட்டைத் தூக்கிப் போடுவது

2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் இறங்கிய சாயக்கழிவு ஓரத்துப்பாளையம் அணையில் தேங்கி விவசாயிகளை அழவைத்தது அதற்கும் முந்தைய கதை. அந்த வாரங்களில் தினமும் பட்டறை பட்டறையாக அலைந்தேன். துணியை வெளியூருக்குச் சாயம் போட அனுப்பியவர்கள், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர்கள், ஆர்டரை இழந்தவர்கள் என நான்கு குறிப்பேடுகள் நிறைந்தன. செய்தியாக அச்சேறியது அதில் சொற்பம். வீடு மாறும்போது நான்கையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். அச்சான செய்தி நறுக்குகள் இருக்கின்றனவே என்ற நினைப்பு.

புத்தகம் எழுத உட்கார்ந்தேன். நறுக்குகளில் ‘உற்பத்தி பாதிப்பு’ என்று இருந்தது. பாதிச் சாயத்தில் நின்றுபோன துணி எந்த நிறம், அதன் அருகில் நின்றவர் என்ன சொன்னார் என்பது எதிலும் இல்லை. மறுபடி போய்க் கேட்டேன். ஒரே பட்டறையை நடத்திய அண்ணன் தம்பிகளில், ஆட்களை அந்த வாரமே அனுப்பிவிட்டோம் என்றார் மூத்தவர். சித்திரை வரை சோறு போட்டு வைத்திருந்தோம் என்றார் இளையவர். இருவரும் மனதாரச் சொன்னார்கள். எது நடந்தது என்று அன்றே எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள் எந்தக் கடையில் எதற்குப் பொட்டலமானதோ. அத்தியாயத்தையே நீக்கிவிட்டுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

பக்கத்தின் தலையில் தேதியும் இடமும் எழுதுங்கள். விலை என்றால் கிலோவுக்கா, மூட்டைக்கா, குவிண்டாலுக்கா என்று எழுதுங்கள். சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்றும் எழுதுங்கள். செய்தியில் இடம் கிடைக்காததை அன்றிரவே எழுதி வையுங்கள்.

பழைய செய்திகளைச் சேர்த்துத் தைப்பது

வேண்டாம்.

முதல் புத்தகத்தை நம்பி வேலையை விடுவது

200 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். மாத வீட்டு வாடகையை அதனால் வகுத்துப் பாருங்கள்.

முதலாளியின் பணத்தில் அவர் வரலாற்றை எழுதுவது

எழுதலாம். முன்னுரையில் அதைச் சொல்லிவிடுங்கள்.

வாய்மொழியை மட்டும் நம்புவது

பனியன் கம்பெனிகளில் பல, கூட்டாண்மையாகவோ ஒருவர் பெயரிலோ நடப்பவை. நிறுவனப் பதிவாளர் அலுவலகத்தில் அவற்றின் வரவு செலவு கிடைக்காது. ஆகவே வீட்டுப் பரணில் இருப்பதைக் கேளுங்கள்: கூலி நோட்டு, நூல் கடை பில், மின் கட்டண அட்டை. தொழில் தொடங்கிய ஆண்டை ஒருவர் சொன்னால், மின் இணைப்பு எப்போது வாங்கினார் என்று கேளுங்கள்.